வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி

சர் சி. வி. இராமனின் பெயரை நம்முள் பலர் அறிவர். அவரோடு உடனிருந்து உழைத்த கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் என்னும் தமிழரை அறிந்தவர் சிலரே. அன்னாரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

தமிழ்நாட்டில் திருவில்லிபுத்தூருக்கு அருகே, மலையடிவாரத்தில் அமைந்தது வத்திராயிருப்பு. 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கிருஷ்ணன் அங்குப் பிறந்தார். தந்தையார் உழவர், தமிழும் வடமொழியும் கற்றவர். பள்ளியில் கிருஷ்ணனுக்கு வாய்த்த ஆசிரியர் ஒருவர், விஞ்ஞானம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஆயினும் வீட்டுப் பொருள்களைக் கொண்டே சோதனைகள் செய்து காட்டிப் பிள்ளைகளின் மனத்தைக் கவர்ந்தார். அந்த வித்து வீண்போகவில்லை.

மதுரையிலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பை முடித்த கிருஷ்ணன், 1920இல் கல்கத்தா சென்றார். பின்னர் இராமனின் ஆய்வுக் கூடத்தில் சேர்ந்தார். 1928இல் இராமன் விளைவு கண்டறியப்பட்டபோது, அதனை உலகுக்கு அறிவித்த கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. 1930இல் நோபெல் பரிசு இராமனுக்கு மட்டுமே கிடைத்தது. இருவரும் உழைத்த உழைப்புக்கு ஒருவர் பெயரே நிலைத்தது நமக்கு வருத்தமே. ஆயினும் கிருஷ்ணனின் தனிப் பெருமையை அறிய அதற்குப் பின் அவர் செய்த ஆராய்ச்சியை நோக்க வேண்டும்.

அதற்கு முன், அணுக்கள் ஒன்றையொன்று எவ்வாறு பற்றிக்கொள்கின்றன என்பதைச் சற்றே தெரிந்துகொள்வோம். அணுவின் கருவைச் சூழ்ந்து எலக்ட்ரான்கள் அடுக்கடுக்காக உள்ளன. உள்ளடுக்கில் இருப்பவை வெளியாரோடு உறவு கொள்வதில்லை. வெளியடுக்கில் உள்ளவையே அண்டை அணுவோடு கலக்கின்றன. சமையல் உப்பில், சோடியம் தன் வெளியடுக்கிலுள்ள ஒரே எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது. தண்ணீரில் அப்படியன்று. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஆளுக்கோர் எலக்ட்ரானை நடுவில் வைத்து, இரண்டும் அவற்றைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இந்தக் கூட்டுறவை அமெரிக்கப் பேராசிரியர் லூயிஸ் 1916இல் விளக்கினார்.

இனி, துணிப்பெட்டியில் இடும் நாப்தலீன் அந்துருண்டையைப் பாருங்கள். அதில் கார்பன் அணுக்கள் அறுகோண வளையங்களாகக் கைகோத்து நிற்கின்றன. ஒவ்வொரு கார்பனுக்கும் வெளியடுக்கில் 4 எலக்ட்ரான்கள். அவற்றுள் 3 பக்கத்து அணுக்களைப் பிடித்துக்கொள்கின்றன. நான்காவதோ வளையம் முழுமைக்கும் பொது. முன்னாளில் தோட்டத்து லயங்களில் ஒரு வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே தண்ணீர்க்குழாய் இருந்ததைப் பெற்றோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அது எந்த வீட்டுக்கும் தனிச்சொத்து அன்று. எல்லா வீட்டுக்கும் உரியது. நான்காவது எலக்ட்ரானும் அத்தகையதே.

கண்ணுக்குத் தெரியாத இதனை எப்படிச் சோதிப்பது? 1928இன் இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்ற கிருஷ்ணன், எளிய வழி ஒன்றைக் கையாண்டார். சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டி, காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே தொங்கவிட்டார். இப்படிகங்கள் இரும்பைப்போல் காந்தத்தை நாடுவன அல்ல. மிக மெல்ல விலகுவன. அவ்விலகலும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. வளையத்தின் தட்டையான முகத்துக்கு நேராகக் காந்தவிசை பாயும்போது, பொதுவான எலக்ட்ரான்கள் வளையத்தைச் சுற்றியோடி வலுவாக எதிர்க்கின்றன. விளிம்பின் பக்கமாகப் பாய்ந்தால் எதிர்ப்புக் குறைவு. ஆகவே படிகம் தானே திரும்பிற்று. இழை முறுகிய அளவைக் கொண்டு, உள்ளே மூலக்கூறுகள் எந்தச் சாய்வில் அடுங்கியுள்ளன என்பதைக் கிருஷ்ணன் கணக்கிட்டார். இங்கிலாந்தின் கேத்லீன் லான்ஸ்டேல் அம்மையாரும் அவரும் இத்துறையில் இணைந்து கட்டுரை வெளியிட்டனர்.

1933இல் கல்கத்தாவுக்குத் திரும்பியபின் அவர் கிராஃபைட்டையும் ஆராய்ந்தார். அது வேறொன்றுமன்று, உங்கள் பென்சிலின் கரிதான்! அதில் வளையங்கள் பரந்த தாள்போல் விரிந்திருப்பதால், பொது எலக்ட்ரான்கள் தாள் முழுதும் உலவுகின்றன. மின்சாரம் அதில் பாய்வதும் அதனாலேயே.

1940இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1946இல் சர் பட்டம் பெற்றார். 1947இல் புதுடில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். பெரும் பதவியிலும் தாய்மொழியை மறவாது, தமிழில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். 1961ஆம் ஆண்டு ஜூன் மாதம், தம் 62ஆம் வயதில், அப்பதவியில் இருக்கையிலேயே காலமானார்.