கவுன்சிலர் பதவிக்காக அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டவர்

சாக்கடை அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் நாம் முதலில் தேடுவது வார்டு கவுன்சிலரைத்தான். அந்தப் பதவியை ஒருவர் கோர்ட் வரை போய் மீட்ட கதையை இந்த முறை சொல்கிறேன். அவர் சேலம் சி. விஜயராகவாச்சாரியார்.

1852ல் பிறந்தார். சொந்த ஊர் செங்கல்பட்டு பக்கம் உள்ள பொன்விளைந்த களத்தூர், நமக்கு ஒன்றும் தூரமில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்துவிட்டு, சில காலம் வாத்தியார் வேலை பார்த்தார். சட்ட வகுப்புக்குப் போகாமல் தானே படித்துத் தேறி, 1881ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அடுத்த வருடமே நகராட்சி உறுப்பினரும் ஆனார்.

அதே 1882ல் சேலத்தில் பெரிய கலவரம். தூண்டிவிட்டவர் இவர்தான் என்று வழக்கு. தண்டனை எவ்வளவு தெரியுமா? 10 வருடம் சிறை! வயது 30, வக்கீலாகி ஒரு வருடம்தான். நீங்களோ நானோ அங்கேயே இடிந்து போயிருப்போம். அவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் அப்பீல் செய்தார். தலைமை நீதிபதி சார்லஸ் டர்னர் காலம் அது. குற்றமற்றவர் என்று விடுதலை கிடைத்தது.

அதோடு வீட்டுக்குப் போய் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் தன்னை நகராட்சியிலிருந்து நீக்கியது செல்லாது என்று இந்திய மந்திரியையே பிரதிவாதியாக்கி வழக்குப் போட்டு, அதிலும் ஜெயித்தார். இழப்பீடு 100 ரூபாய். பாங்கில் காலமெல்லாம் ரூபாய் எண்ணியவன் நான்; இந்த நூறு ரூபாயின் மதிப்பை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கலவர வழக்கில் தண்டனை பெற்ற மற்றவர்களின் விடுதலைக்கும் அவர் பாடுபட்டார். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

பிறகு நடந்தவை எல்லாம் ஏறுமுகம்தான். 1885ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸிலேயே கலந்துகொண்டார். 1895 முதல் 1901 வரை சென்னை சட்டசபையிலும், 1913 முதல் 1916 வரை டில்லி சட்டசபையிலும் உறுப்பினர். 1920ல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். ஒரு வேடிக்கை பாருங்கள்: காந்தியின் ஒத்துழையாமைத் திட்டத்தில் அவருக்கு முழு உடன்பாடு இல்லை, ஆனால் அந்தத் தீர்மானம் நிறைவேறியது அவர் தலைமை வகித்த மாநாட்டில்தான். தன் கருத்தை மறைக்காமல் சொல்லிவிட்டே நாற்காலியில் அமர்ந்திருந்தார்.

1944 ஏப்ரலில், 91 வயதில் காலமானார். சேலத்தில் அவர் பெயரில் நினைவு நூலகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.