ழான் மார்ட்டின் சார்க்கோ

ழான் மார்ட்டின் சார்க்கோ (நவம்பர் 29, 1825 - ஆகஸ்ட் 16, 1893) பிரான்சு நாட்டைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். தற்கால நரம்பியலை நிறுவியவர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் ஏ.எல்.எஸ். என்னும் நோயைத் தனி நோயாக வரையறுத்தவர் இவரே. பிரான்சில் இது இன்றும் சார்க்கோ நோய் எனப்படுகிறது.

வாழ்க்கை

பாரிசில் குதிரை வண்டிகள் செய்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1862-இல் அந்நகரின் சால்பேத்ரியேர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். முன்பு வெடிமருந்துக்கான இடமாக இருந்த அங்கு, ஏழைகளும் முதியோரும் தீரா நோயுற்றோருமாக ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கியிருந்தனர். ஒரே நோயாளியைப் பல்லாண்டுகள் கவனிக்கவும், இறந்தபின் உடலை ஆய்ந்து அறிகுறிகளோடு ஒப்பிடவும் சார்க்கோவுக்கு வாய்த்தது. அவருடைய ஆய்வுமுறை முழுவதும் இதுவே. 1882-இல் நரம்பு நோய்களுக்கெனத் தனிப் பேராசிரியர் பதவி இவருக்காக ஏற்படுத்தப்பட்டது. பபின்ஸ்கி, பியர் மரி, தூரெத் ஆகியோர் இவருடைய மாணவர்கள். சிக்மண்ட் பிராய்டும் 1885-86இல் இவரிடம் பயின்றார். இசிவு நோய் பற்றியும் அறிதுயில் பற்றியும் சார்க்கோ கூறியவை பின்னர் பெரும்பாலும் கைவிடப்பட்டன.

ஏ.எல்.எஸ். ஆய்வு

சில நோயாளிகளுக்குத் தசை மெலிந்தது. சிலருக்குக் கைகால்கள் விறைத்தன. சிலருக்கு இரண்டும் சேர்ந்து வந்தன. தசை மெலிவுக்குத் தண்டுவடத்தின் முன்கொம்பிலுள்ள நரம்பணுக்களின் அழிவும், விறைப்புக்குத் தண்டுவடத்தின் பக்கப்பகுதி இறுகிப்போவதும் காரணம் என்பதை 1860களின் பிற்பகுதி முதல் சார்க்கோ காட்டினார். இரண்டும் ஒரே நோயின் கூறுகள் எனக் கண்டு, 1874-இல் நோய்க்குப் பெயரிட்டார். அழிவு எங்கே நிகழ்கிறது என்பது தெளிவாயிற்று. ஏன் நிகழ்கிறது என்பதற்கு அன்றைய நுண்ணோக்கியில் விடை இல்லை.

பிற்கால ஆய்வுகள்

சார்க்கோ மறைந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1993-இல், பரம்பரையாக இந்நோய் வரும் சில குடும்பங்களில் எஸ்.ஓ.டி.1 என்னும் மரபணுவில் பிறழ்வு கண்டறியப்பட்டது. இம்மரபணு உருவாக்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேசு என்ற நொதியை மெக்கார்டும் பிரிடோவிச்சும் 1969-இல் இனங்கண்டிருந்தனர். உயிரணுவில் உண்டாகும் சூப்பராக்சைடை இந்நொதி ஆக்சிசனாகவும் ஐதரசன் பெராக்சைடாகவும் மாற்றுகிறது. பெராக்சைடைக் கேட்டலேசு முதலிய பிற நொதிகள் சிதைக்கின்றன. ஆகவே, நொதியின் வலு குன்றுவதால் நரம்பணு ஆக்சிசனேற்றத்தால் அழிகிறது என்று முதலில் எண்ணப்பட்டது.

ஆய்வு முடிவுகள் வேறாக இருந்தன. பிறழ்ந்த மனித மரபணு புகுத்தப்பட்ட எலிகள், தம்முடைய நொதி குறையாதிருந்தும், 1994-இல் நோயுற்றன. 1996-இல், நொதியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு ஏ.எல்.எஸ். வரவில்லை. ஆயினும் அவற்றின் இயக்க நரம்பு இழைகள் நாளடைவில் நலிந்தன. நரம்பு நலத்துக்கு நொதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. நோயை உண்டாக்குவது நொதியின் குறைவு அன்று, தவறாக மடிந்து நஞ்சாகும் அதன் புரதமே என்ற கருத்து வலுப்பெற்றது.

2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டோபெர்சன் மருந்து இந்த நொதியின் உற்பத்தியையே குறைக்கிறது. எஸ்.ஓ.டி.1 பிறழ்வு உள்ளோருக்கு மட்டுமே, அதாவது ஏ.எல்.எஸ். நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் இருவருக்கே, இது பொருந்தும்.