லீக் மாறினால் லாபமா, நஷ்டமா? ஃபிராங்க் மெக்குவயரின் வாழ்க்கை சொல்லும் கணக்கு

2024 ஆகஸ்டில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஒரு விநோதம் நடந்தது. பசிபிக் கரையோர மாநிலமான கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி பல்கலைக்கழகங்கள் ‘அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்’ லீக்கில் சேர்ந்தன. அதாவது நாட்டின் மறுகரை லீக்கில். கூடைப்பந்துக்குப் பேர்போன கொன்சாகா பல்கலைக்கழகமும் தன் பழைய லீக்கை விட்டு 2026-ல் பசிபிக்-12க்குப் போவதாக அறிவித்தது.

இப்படி மாறுவது சரியா? இந்தக் கேள்விக்கு 50 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பல்கலைக்கழகம் பெரிய விலை கொடுத்துப் பதில் தெரிந்துகொண்டது. அந்தக் கதையின் நடுவில் இருந்தவர் ஃபிராங்க் மெக்குவயர்.

கான்ஃபரன்ஸ் என்றால் என்ன?

சுருக்கமா சொன்னா, ஒரே மாதிரியான பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வைத்துக்கொள்ளும் சங்கம். யாரோடு யார் விளையாடுவது, வீரர்களைச் சேர்க்க என்ன விதி, தொலைக்காட்சிப் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். தேசிய அளவிலான என்சிஏஏ போட்டிக்குப் போகும் வழியும் அதுதான்.

அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸே ஒரு வெளிநடப்பில் பிறந்த லீக்தான். 1953-ல் சதர்ன் கான்ஃபரன்ஸிலிருந்து ஏழு பல்கலைக்கழகங்கள் பிரிந்து வந்து இதைத் தொடங்கின. அவற்றில் சவுத் கரோலினாவும் ஒன்று. அதே ஆண்டு வர்ஜீனியா எட்டாவதாகச் சேர்ந்தது. அந்த எட்டில் நான்கு, நார்த் கரோலினா என்ற ஒரே மாநிலத்தைச் சேர்ந்தவை. இந்த எண்ணிக்கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கிலிருந்து தெற்கே

மெக்குவயர் 1913-ல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா போலீஸ்காரர். வீட்டில் 13 பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. இரண்டு வயதிலேயே அப்பாவை இழந்தார். செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்து, விளையாடி, பின்னர் அங்கேயே பயிற்சியாளரானார். 1952-ல் அந்த அணியைத் தேசிய இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார்.

அதே ஆண்டு நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். பெருமூளை வாதத்தோடு பிறந்த மகனுக்குப் பெருநகரத்தைவிட அமைதியான ஊர் நல்லது என்பதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம்.

தெற்கே போனாலும் அவர் ஆட்களைத் தேடியது நியூயார்க் தெருக்களில்தான். 1957-ல் அவருடைய முதல் ஐந்து வீரர்களும் நியூயார்க் வட்டாரப் பையன்கள். அந்த ஆண்டு அணியின் கணக்கு: 32 ஆட்டம், 32 வெற்றி. இறுதிப்போட்டியில் ஏழடி உயர வில்ட் சேம்பர்லினின் கன்சாஸ் அணி. ஆட்டத்தைத் தொடங்கும் ஜம்ப் பாலுக்கு, முதல் ஐவரில் மிகக் குள்ளமான டாமி கேர்ன்ஸை சேம்பர்லினுக்கு எதிரே நிறுத்தினார் மெக்குவயர். எதிரணியைக் குழப்பத்தான். மூன்று முறை கூடுதல் நேரம் போய், 54-53 என்று வென்றார்கள்.

ஆனால் அந்த இறுதிக்குப் போகும் முன்பே எல்லாம் முடிந்திருக்கலாம். அப்போது ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒரே ஒரு அணிதான் என்சிஏஏ போக முடியும். இந்த லீக்கில் அந்த இடம், சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் தொடரை வெல்பவருக்கு. அதன் அரையிறுதியில் வேக் ஃபாரஸ்டை மெக்குவயர் அணி வென்றது 61-59 என்ற கணக்கில்தான். இரண்டே புள்ளி.

மோதல் எங்கே தொடங்கியது?

வீரர் சேர்க்கைச் செலவுகள் தொடர்பாக நார்த் கரோலினா மீது என்சிஏஏ நடவடிக்கை எடுத்த பிறகு, 1961-ல் மெக்குவயர் வெளியேறினார். ஒரு சீசன் பிலடெல்பியா வாரியர்ஸ் பயிற்சியாளர். சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தது அந்த சீசனில்தான். அணி சான் பிரான்சிஸ்கோவுக்கு இடம் மாறியபோது இவர் கூடப் போகவில்லை. 1964-ல் அதே அட்லான்டிக் லீக்குக்குத் திரும்பி வந்தார், இந்த முறை சவுத் கரோலினாவுக்கு.

அங்கே காத்திருந்தது 800 என்ற எண். எஸ்ஏடி நுழைவுத் தேர்வில் 1600-க்கு 800 எடுக்காத மாணவருக்கு விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது என்பது லீக் விதி. பக்கத்து லீக்குகளில் அப்படிக் கறார் இல்லை. மெக்குவயர் கொண்டுவந்த உயரமான வீரர் மைக் க்ரோஸோ அந்த மதிப்பெண்ணை எட்டவில்லை. ஸ்காலர்ஷிப் இல்லாமலே அவர் சேர்ந்தார். ஆனாலும் 1966-ல் லீக் அவரை ஆடவிடவில்லை. தகராறு முற்றி, அந்த சீசனில் டியூக் பல்கலைக்கழகம் சவுத் கரோலினாவுடன் ஆடவே மறுத்தது. எட்டில் நான்கு ஓட்டு ஒரே மாநிலத்தில் இருக்கும் சங்கத்தில் நமக்கு நியாயம் கிடைக்காது என்ற எண்ணம் சவுத் கரோலினாவில் வேரூன்றியது.

14-0, ஆனாலும் வீட்டில்

1970-ல் லீக் ஆட்டங்களில் சவுத் கரோலினா 14-0. ஒரு தோல்விகூட இல்லை. நாக்-அவுட் தொடரின் அரையிறுதியில் நட்சத்திர வீரர் ஜான் ரோச்சின் கணுக்காலில் அடி. இறுதியில் இரண்டு கூடுதல் நேரத்துக்குப் பிறகு நார்த் கரோலினா ஸ்டேட்டிடம் 39-42 எனத் தோல்வி. 1957-ல் இரண்டு புள்ளியில் காப்பாற்றிய அதே விதி, இப்போது மூன்று புள்ளியில் கதவைச் சாத்தியது. அந்த ஆண்டு என்சிஏஏ கிழக்கு மண்டல ஆட்டங்கள் நடந்தது சவுத் கரோலினாவின் சொந்த அரங்கில். சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு இல்லாத நிலை.

அடுத்த ஆண்டு, 1971-ல், இறுதியில் நார்த் கரோலினாவை 52-51 என்று வீழ்த்திக் கோப்பையை வாங்கினார்கள். சில வாரங்களிலேயே பல்கலைக்கழகம் லீக்கை விட்டு விலக முடிவு செய்தது. இதற்கு அதிகம் அழுத்தம் கொடுத்தவர் மெக்குவயர் அல்ல, அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளரும் விளையாட்டுத் துறைத் தலைவருமான பால் டீட்ஸெல். 800 விதியால் நல்ல கால்பந்து வீரர்கள் கைநழுவுகிறார்கள் என்பது அவர் கவலை.

சரி, மாறியதால் என்ன ஆச்சு?

முதலில் எல்லாம் நன்றாகவே இருந்தது. எந்த லீக்கிலும் இல்லாத தனி அணியாக 1972, 1973, 1974 என மூன்று ஆண்டும் என்சிஏஏ போட்டிக்குப் போனார்கள்.

அதற்குள் அவர்கள் விட்டு வந்த இடம் மாறிவிட்டது. 1972-ல் வழக்கு ஒன்றுக்குப் பிறகு 800 விதி ஒழிந்தது. 1974-ல் லீக் இறுதியில் கூடுதல் நேரத்தில் 100-103 எனத் தோற்ற மேரிலாந்து, நாட்டின் சிறந்த அணிகளில் ஒன்றாக இருந்தும் வெளியே நின்றது. அடுத்த ஆண்டே ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் போகலாம் என்று என்சிஏஏ விதியைத் திருத்தியது. சவுத் கரோலினாவின் இரண்டு பெரிய குறைகளும் நான்கே ஆண்டில் காணாமல் போயின. பலனை அனுபவிக்க அவர்கள் உள்ளே இல்லை.

இழந்தது என்ன? ஆண்டுதோறும் வீட்டுக்கு வரும் டியூக், நார்த் கரோலினா போன்ற எதிரிகள். நியூயார்க் பையனைத் தெற்கே இழுத்ததில் அந்த ஆட்டங்களுக்கும் பங்கு உண்டு. 1974-க்குப் பிறகு மெக்குவயர் ஒருமுறைகூட என்சிஏஏ போகவில்லை. 1980-ல் ஓய்வு பெற்றார். அங்கே அவருடைய வெற்றிகள் 283. மூன்று வெவ்வேறு கல்லூரிகளில் தலா 100-க்கு மேல் வென்ற பயிற்சியாளர் அவர். 1994-ல் கொலம்பியாவில் காலமானார்.

பல்கலைக்கழகம் 1983-ல் மெட்ரோ கான்ஃபரன்ஸிலும், 1991-ல் சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸிலும் சேர்ந்தது. 1975 முதல் 2016 வரையிலான 42 ஆண்டில் ஆண்கள் அணி என்சிஏஏ போட்டிக்குப் போனது நான்கே முறை. 1973-க்குப் பிறகு அங்கே அடுத்த வெற்றி 2017-ல்தான்.

அதனால் மாறவே கூடாதா? அப்படியும் இல்லை. சவுத்ஈஸ்டர்னில் இருந்தபடியே பெண்கள் அணி 2017, 2022, 2024-ல் தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. 1991-ல் போக ஒரு நல்ல இடம் இருந்தது. 1971-ல் வெளியேற ஒரு காரணம் மட்டும்தான் இருந்தது.

லீக்கோ, வேலையோ, விட்டுவிடலாமா என்று யோசிக்கும்போது பட்டியலை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு பக்கம், நாளைக்கே மாறக்கூடிய விதிகள். மறுபக்கம், எளிதில் திரும்பக் கிடைக்காத அக்கம்பக்கம். 1971-ல் சவுத் கரோலினா முதல் பக்கத்தைச் சரியாகவே கூட்டியது. இரண்டாவது பக்கத்தைக் கூட்டவே இல்லை.