நாள்தோறும் பைபிள் வாசித்த நாவலர்

ஆறுமுக நாவலரைப் பற்றி நம்மவர்கள் இரண்டு செய்திகளைத் தவறாமல் சொல்வார்கள். ஒன்று, அவர் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர். மற்றது, பாதிரிமாரை எதிர்த்து யாழ்ப்பாணத்தில் சைவத்தைக் காத்தவர். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டு, ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன தொடர்பு என்று கேளாமலே கடந்துவிடுவது வழக்கம். முதற் செய்தி பாதிதான் சரி. இரண்டாவது செய்தி முதலாவதிலிருந்து பிறந்தது. பத்தொன்பது வயதில் தொடங்கி ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இன்னொரு சமயத்தாரின் வேதநூலை அன்றாடம் வரிவரியாக வாசித்திராவிட்டால், நாம் அறிந்த நாவலர் உருவாகியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

அவர் பிறந்தது நல்லூரில், 1822 டிசம்பர் 18 அன்று. தந்தையார் கந்தர், தாயார் சிவகாமி. இட்ட பெயர் ஆறுமுகம். கந்தர் தமிழில் நாடகங்கள் எழுதியவர். மகனுக்கு ஒன்பது வயதாகும்போது ஒரு நாடகத்தை முடிக்காமலே இறந்துபோனார் என்றும், எஞ்சிய பகுதியை அந்தச் சிறுவனே பாடி முடித்தான் என்றும் சரித்திரக்காரர் எழுதுவர். சரவணமுத்துப் புலவரிடமும் அவருடைய ஆசிரியரான இருபாலைச் சேனாதிராச முதலியாரிடமும் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலம் கற்கப் போன இடம் யாழ்ப்பாண நகரில் இருந்த வெஸ்லியன் மிஷன் பாடசாலை. பின்னாளில் மத்திய கல்லூரி எனப் பெயர்பெற்றது அதுவே. அக்காலத்தில் ஆங்கிலம் வேண்டுமென்றால் மிஷன் வாசலைத்தான் மிதிக்க வேண்டும். அமெரிக்க மிஷனாரின் வட்டுக்கோட்டை செமினரியும் அப்படித்தான்.

அங்கே அதிபராயிருந்தவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார். தமிழில் தோய்ந்தவர். பின்னாளில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டார். 1841 இல் அவர் தம் மாணவராகிய ஆறுமுகத்தையே அங்கு ஆசிரியராக்கிக்கொண்டார். தாம் மேற்கொண்ட பைபிள் மொழிபெயர்ப்புக்குத் தமிழ்ப் பண்டிதராகவும் அமர்த்தினார். அந்த இளைஞர் நெற்றியில் திருநீற்றோடு வந்து போவதற்குப் பாதிரியார் தடை சொல்லவில்லை என்பர். ஒருவர் மற்றவரைத் தம் பக்கம் இழுத்துவிடலாம் என்று நம்பியிருக்கலாம். இழுக்கவில்லை, ஆனால் சேர்ந்து வேலை செய்தார்கள்.

வேலை இலேசானதல்ல. தமிழில் பைபிள் அதற்கு முன்பே இருந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டு நூறாண்டுக்கு மேலாகியிருந்தது. பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு சபைகளில் ஊறிப்போயிருந்தது. ரேனியஸ் அதைத் திருத்தி எளிமையாக்க முயன்றிருந்தார். இவற்றுக்குப் பின்னும் தமிழ்ப் படிப்பாளிகள் முகஞ்சுளிக்காமல் வாசிக்கத்தக்க ஒரு பைபிள் இல்லை என்பதே யாழ்ப்பாணத்தாரின் குறை. பேர்சிவலுக்குத் தேவைப்பட்டது சொல்லின் எடையறிந்த ஒருவர். கடவுளுக்கு இடும் பெயரையே எடுத்துக்கொள்வோம். பப்ரிசியுஸ் பராபரன் என்றார். பேர்சிவலின் மொழிபெயர்ப்பு தேவன் என்றது. சைவ நூல்களில் தேவர்கள் முப்பத்து முக்கோடி. சிவனோ அவர்களுக்கும் மேலானவன். சித்தாந்தம் படித்த ஒருவரின் காதில் இந்தச் சொல் எப்படி ஒலித்திருக்கும்! பலி, பாவம், மீட்பு, ஆவி, குரு, அபிஷேகம் என்று ஒவ்வொரு சொல்லிலும் இதே தகராறு. மேலோட்டமாக வாசிப்பவன் இவற்றைத் தாண்டிப் போய்விடலாம். மொழிபெயர்ப்பவனுக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு வசனத்தின் பொருள் மனத்தில் தெளிவாகும்வரை அடுத்த வசனத்துக்குப் போகவே முடியாது.

வெஸ்லியின் வழிவந்தவர்களுக்கு மெதடிஸ்தர் என்ற பெயர் வந்ததே, செபமும் வேதவாசிப்பும் ஒரு முறைப்படி நடக்கவேண்டும் என்ற அவர்களின் பிடிவாதத்தால்தான். தினமும் வேதத்தை வாசி, வாசித்ததை ஆராய், உண்மை தானே துலங்கும் என்பது அவர்களின் நம்பிக்கை. பாரிஸில் லா சப்பல் கடைத்தெருவில் காய்கறிப் பையோடு நடப்பவர் கையில் திணிக்கப்படும் தமிழ்த் துண்டுப் பிரசுரங்கள் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். வாங்கியவர்களில் எத்தனை பேர் அந்நூலைத் திறப்பார்கள் என்பது வேறு விடயம். அதே தெருக்களில் தேர் இழுக்கும் எங்களில் எத்தனை பேர் திருமுறையைத் திறந்திருக்கிறோம் என்பதும் வேறு விடயமல்ல. ஆறுமுகம் அந்த அறிவுரையை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார். நாள்தோறும் வாசித்தார், ஆராய்ந்தார். அவருக்குத் துலங்கிய உண்மைதான் பேர்சிவல் எதிர்பாராதது.

மொழிபெயர்ப்பு முடிந்து பேர்சிவலும் அவரும் சென்னபட்டணம் போனார்கள். அங்கிருந்த பைபிள் சங்கத்தார் தயங்கினார்கள். மழவை மகாலிங்கையரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டபோது, அவர் நடையில் குறை காணாமல் புகழ்ந்தார் என்பது யாழ்ப்பாணத்து மரபுச் செய்தி. 1850 இல் நூல் அச்சில் வந்தது. அதற்குள் ஆறுமுகம் வேறிடம் போய்விட்டார்.

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை மாலை. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோவில் வசந்த மண்டபத்தில் அவர் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அதுமுதல் வெள்ளிதோறும் அவரும் நண்பர் கார்த்திகேய ஐயரும் மாறி மாறிப் பேசினர். கோவிலில் புராணபடனம் புதிதல்ல. செய்யுளைப் படிப்பார்கள், ஒருவர் பயன் சொல்வார். ஆனால் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, நூல் ஆதாரம் காட்டி, கேட்பவனின் வாழ்க்கையை நோக்கி உரைநடையில் பேசுவது மெதடிஸ்த பாதிரிமார் ஞாயிறுதோறும் செய்தது. அதைப் பார்த்தே கற்றிருந்தார். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, அதே ஆண்டில் மிஷன் பாடசாலை வேலையையும் விட்டார். சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன் என்று பேர்சிவல் சொல்லியும் அவர் இசையவில்லை என்பர்.

அடுத்த ஆண்டில் அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் சென்றார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்தபோது கிடைத்ததே நாவலர் என்னும் பட்டம். யாழ்ப்பாணம் திரும்பி வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். அதன் பின் வந்த நூல்களின் பட்டியலை இங்கே ஒப்புவிக்கப் போவதில்லை. பாலபாடமும் சைவ வினாவிடையும் எங்கள் பாட்டன்மார் மனனம் செய்தவை. கேள்வியும் பதிலுமாகச் சமயம் கற்பிக்கும் அந்த வினாவிடை வடிவம் மிஷன் பாடசாலையில் அவர் நாள்தோறும் கண்டது.

1852 இல் வந்த பெரியபுராண வசனத்தை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். சேக்கிழாரின் செய்யுளை ஓதுவாரும் புலவரும் கையாண்டனர், மற்றவர்கள் கேட்டார்கள். மிஷன் வீட்டிலோ கடைக்காரனும் விதவையும் வேதத்தைத் தம் கையில் வைத்து உரைநடையில் வாசித்தார்கள். இந்த வேறுபாட்டைக் கண்கூடாகக் கண்டவர் நாவலர். நாயன்மார் கதைகளை நல்ல உரைநடையாக்கி, குறியீடுகள் இட்டு, தனியே ஒருவர் வீட்டிலிருந்து வாசிக்கும்படி செய்தார். அதோடு விடாமல் சில சரிதங்களுக்குச் சூசனம் என்ற பெயரில் விரிவான விளக்கங்கள் எழுதினார். கதையைச் சொல்லி, அதிலிருந்து கொள்கையைப் பிரித்தெடுத்து, வாசிப்பவன் முன் வைக்கும் முறை அது. தமிழ் உரைநடையின் வரலாற்றில் நாவலருக்கு இடம் தருபவர்கள் இந்த வாசகனை மறந்துவிடுகிறார்கள். தனியே அமர்ந்து தினமும் சமயநூல் வாசிக்கும் ஒரு சைவன் அதுவரை பெரும்பாலும் இருக்கவில்லை. அவனுக்காக எழுதப்பட்ட உரைநடை அது.

பைபிள் வாசிப்பின் நேரடி விளைச்சல் 1854 இல் வந்த சைவதூஷண பரிகாரம். பாதிரிமார் சைவரைப் பழித்தவை நாம் அறிந்தவையே: விளக்கேற்றுகிறீர்கள், தூபம் காட்டுகிறீர்கள், சடப்பொருளின் முன் விழுகிறீர்கள், பிரசாதம் என்கிறீர்கள், நாள் கோள் பார்க்கிறீர்கள். இதற்குச் சைவர் பலர் ஏச்சுக்கு ஏச்சு என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தனர். நாவலர் அவர்களின் வேதத்தையே திறந்தார். மோசே அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தில் அணையாத விளக்கு உண்டு, தூபபீடம் உண்டு, கடவுள் சந்நிதியில் வைக்கும் அப்பங்கள் உண்டு. ஆசாரியருக்குத் தனி உடையும் அபிஷேகத் தைலமும் உண்டு. உடன்படிக்கைப் பெட்டியின் முன் இஸ்ரவேலர் விழுந்து வணங்கினர். திருநாள்களும் தீட்டும் சுத்தியும் விதிக்கப்பட்டிருந்தன. இவையெல்லாம் உங்கள் கடவுளே விதித்தவை என்றால், இவற்றை ஒத்தவற்றை எங்களிடம் கண்டு நகைப்பது எப்படி நியாயம் என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

இயேசுவின் வரவோடு பழைய சடங்குகள் நிறைவேறி முடிந்துவிட்டன என்று கிறித்தவர் மறுமொழி சொல்வர். அது அவர்கள் பக்கத்து நியாயம், வலுவானதும்கூட. ஆனால் அந்த மறுமொழிக்குப் பிறகு வாதம் வேறாகிவிடுகிறது. சடங்கு என்பதாலேயே அது மூடத்தனம் என்று இனிச் சொல்ல முடியாது. ஆசாரத்தின் பொருள் என்ன, யார் விதித்தது, எதுவரை செல்லும் என்று பேச வேண்டியிருக்கும். எதிராளியை அந்தத் தரத்துக்கு உயர்த்தியது நாவலரின் வாசிப்பு. அந்த நூலில் தெரிந்த பைபிள் அறிவை மிஷனாரே வியந்து குறிப்பிட்டனர். நான் நிரல் எழுதிப் பிழைப்பவன். பிறர் எழுதிய நிரலை வரிவரியாகப் படித்தவன் சொல்லும் குறைக்கும், ஓடவிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்பவனின் குறைக்கும் உள்ள வேறுபாடு எனக்குப் பழக்கமானது.

அதே நூல் எல்லாரையும் அதே இடத்துக்குக் கொண்டு சேர்க்கவில்லை. நெல்லைச் சீமையில் கரையிருப்பில் 1827 இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ண பிள்ளை, சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியராகப் போனவர். அவரும் பைபிளை வாசித்தார். 1858 இல் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் கம்பனின் செய்யுள் வளத்தோடு இரட்சணிய யாத்திரிகம் பாடினார். எதிர்த்திசையில் நடந்தவர் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை. கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, வட்டுக்கோட்டையில் படித்து, சென்னையில் பேர்சிவலின் தினவர்த்தமானியில் பணியாற்றி, இறுதியில் சைவரானார். மூவரும் வாசித்தவர்கள். வாசித்து வந்த முடிவு என்பதால் மூவரின் முடிவுக்கும் ஒரு கனம் இருக்கிறது.

நாவலரைத் துதிபாடி முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. மிஷன் வாசிப்பு அவருக்குக் கொடுத்தவற்றில் ஒரு கடுமையும் இருந்தது. நூலில் இருப்பதே சமயம், நூலில் இல்லாதது பிழை என்ற பார்வை அது. அதைக் கொண்டு அவர் பாதிரிமாரை மட்டும் அளக்கவில்லை. ஆகமத்தில் இடமில்லை என்று ஊர்ச் சிறுதெய்வ வழிபாட்டையும் உயிர்ப்பலியையும் கண்டித்தார். யாழ்ப்பாணத்துக் கண்ணகி வழிபாட்டைச் சமணச் சார்பானதென ஒதுக்கினார். உயிர்ப்பலி ஒழிந்தது நன்று. ஆனால் தலைமுறைகளாகச் சாதாரண சனங்கள் கொண்டாடிய அம்மனை ஒரு நூற்சான்றைக் கொண்டு ஒதுக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் நிர்வாகத்தோடும் ஆகம விதியை முன்வைத்தே மோதினார். இராமலிங்க அடிகளின் பாடல்களைத் திருமுறைக்கு நிகராக அருட்பா எனல் தகாது என்று தொடுத்த போர் 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. திருமுறை அடைத்து முடிந்த தொகுதி, அதில் புதியது சேராது என்ற அந்தப் பிடிவாதத்தில், தொகுதி முடிந்துபோன இன்னொரு வேதநூலோடு அவர் கழித்த ஆண்டுகளின் சாயலைக் காண்கிறேன்.

சாதி விடயத்தில் அந்த வாசிப்பு அவரைத் தொடவே இல்லை. அவருடைய சைவமும் அவர் கட்டிய கல்வியும் வேளாளர் மேலாண்மையைக் கேள்வி கேட்கவில்லை. நூல்களில் சாதி ஒழுங்கை நிலைநாட்டவே செய்தார். தீண்டாமைக்கு உட்பட்டவர்கள் எழுத்தறியச் சென்றது பெரும்பாலும் பாதிரிமாரின் பாடசாலைகளுக்குத்தான். தம் மதத்தின் விளக்கையும் தூபத்தையும் காக்கப் பழைய ஏற்பாட்டை அத்தனை கூர்மையாகப் படித்த கண், சமாரியரோடும் தொழுநோயாளரோடும் கூடியிருந்தவரின் கதையை எப்படிப் படித்திருக்கும் என்ற கேள்வி என்னை விட்டு அகல்வதில்லை.

கடைசி ஆண்டுகளில் ஊர்ப்பணி மிகுந்தது. 1876, 1877 இல் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தபோது பணம் திரட்டிக் கஞ்சித்தொட்டி நடத்தினார். அரசாங்க அதிபர் துவைனத்தின் நிர்வாகத்தைக் கண்டித்து எழுதினார். 1879 இல் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்துக் கூட்டம் கூட்டினார். அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று காலமானார். திருமணம் செய்துகொள்ளாதவர்.

பேர்சிவல் இதற்கு வெகு முன்பே யாழ்ப்பாணத்தை விட்டிருந்தார். மெதடிஸ்தரைப் பிரிந்து ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராயிருந்தார். இருவரும் சேர்ந்து உழைத்த மொழிபெயர்ப்பு நிலைக்கவில்லை. அதன் நடை சமஸ்கிருதச் சாயல் மிகுந்தது, எளியோருக்கு எட்டாதது என்று தமிழகத்துச் சபைகள் ஒதுக்கின. ஹென்றி பவர் தலைமையில் வேறொரு குழு கூடி, பப்ரிசியுஸையும் யாழ்ப்பாணப் பதிப்பையும் அருகருகே வைத்துத் திருத்தி, 1871 இல் முழு வேதாகமத்தை வெளியிட்டது. ஆகவே இன்று நம் கைக்கு வரும் பைபிள் நாவலர் மொழிபெயர்த்தது என்பது தவறு. பவர் குழுவினர் பல இடங்களில் பப்ரிசியுஸின் பழகிய ஓசைக்கே திரும்பினார்கள். ஆனால் கடவுளின் பெயரில் திரும்பவில்லை. பராபரனை விட்டு, நல்லூர்ச் சைவர் உடனிருந்து உருவான பதிப்பின் தேவனையே வைத்துக்கொண்டார்கள். புரட்டஸ்தாந்து சபைகள் கையாளும் பழைய மொழிபெயர்ப்பில் இன்றும் அந்தச் சொல்தான் இருக்கிறது.