பறவைகளோடு வாழ்ந்த சலீம் அலி

மார்கழியில் நம் தஞ்சை வயல்களில் சம்பாக் கதிர் பால் பிடிக்கும் வேளையில், வேதாரணியத்துக்குத் தெற்கே கொடியக்கரையில் விருந்தாளிகள் வந்து இறங்கியிருப்பார்கள். வங்கக் கடலோரமாக நேரே தெற்கு நோக்கி வரும் கரை, சட்டென்று மேற்கே திரும்பும் முனை அது. அங்குள்ள சதுப்பிலும் உப்பளங்களிலும் பூநாரைகள் நீண்ட கால்களை ஊன்றித் தலையைக் கவிழ்த்து இரை தேடும். சேற்றின் ஓரத்தில் உள்ளான்கள் ஓடியோடிக் கொத்தும். உள்ளான்களில் ஒரு வகை உள்ளங்கையில் அடங்கிவிடும். எடை 30 கிராமுக்கும் குறைவு. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதோ சைபீரியாவின் வடகோடியில்!

இதையெல்லாம் மனிதர்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று கேட்டால், சலீம் அலி என்னும் பெரியவரின் வாழ்க்கையைத்தான் சொல்ல வேண்டும்.

சலீம் மொய்சுதீன் அப்துல் அலி 1896 நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளையில்லாத மாமா அமிருதீன் தயாப்ஜியும் அத்தை ஹமீதா பேகமும் அவரை வளர்த்தனர். சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் கறை இருந்தது. இது என்ன குருவி என்ற கேள்வியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அதன் செயலாளர் மில்லர்டு துரை, அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு நிற்காமல், அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் காட்டினார். சிறுவன் கேட்ட ஒரு கேள்வியை ஒரு பெரியவர் மதித்ததால் வந்த பலன் இது.

பறவைகளை நேசித்தவர் அவற்றைச் சுட்டாரே என்று எங்கள் வகுப்பில் பெரிய விவாதமே நடந்தது. பிற்காலத்திலும் ஆராய்ச்சிக்காக அவர் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்தது உண்மைதான். அக்காலத்தில் இனங்களைப் பிரித்தறிய அதுவே வழக்கம். எங்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் மறைத்து எழுதவும் மனமில்லை.

இளமையில் குடும்பத்தின் சுரங்கத் தொழிலைக் கவனிக்கப் பர்மாவுக்குப் போனார். அங்கும் கண் பறவைகள் மீதே இருந்தது, தொழில் நிலைக்கவில்லை. பம்பாய்க்குத் திரும்பிக் கணக்கியல் படித்தார். தூய சவேரியார் கல்லூரியில் தாவரவியல் அறிஞராக விளங்கிய சேசு சபைக் குரு எத்தல்பர்ட் பிளாட்டர் அடிகளார், இந்த இளைஞரின் நாட்டம் எதில் என்று கண்டுகொண்டு, விலங்கியல் படிக்குமாறு தூண்டினார். இருந்தும் முறையான பட்டம் இல்லாததால் அரசின் விலங்கியல் துறையில் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. அருங்காட்சியகத்தில் வழிகாட்டியாகச் சில காலம் பணியாற்றிவிட்டு, பெர்லின் சென்று பேராசிரியர் ஸ்ட்ரெசமனிடம் பறவையியல் கற்றார். 1930-இல் திரும்பி வந்தபோது, பணமில்லை என்று அந்தப் பழைய வேலையையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

வேலையில்லாத அந்த நாட்களில்தான் மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்னும் கடலோரக் கிராமத்தில் தங்கித் தூக்கணாங்குருவிகளைக் கவனித்தார். நம் வாய்க்கால் கரைப் பனைகளில் தொங்கும் அதே குருவிதான்! ஆண் குருவி கூட்டைப் பாதி பின்னிவிட்டுச் சிறகடித்துக் கூவும். பெண் குருவி வந்து உள்ளே நுழைந்து சோதிக்கும். பிடிக்காவிட்டால் போய்விடும், பிடித்தால் தங்கும். அதன்பிறகே ஆண் குருவி கூட்டை முடித்து, குழல் போன்ற வாசல் வைக்கும். பிறகு அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கும். நாள்தோறும் பொறுமையாகப் பார்த்து எழுதிய இந்தக் கட்டுரையே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பாதியில் விடப்பட்ட கூடுகளை நம் ஊர்ப் பனைகளில் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

ஐதராபாத், திருவிதாங்கூர் முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். முகாம்களுக்கு உடன் வந்து உழைத்த தெஹ்மினா 1939-இல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப்பின் இறந்துபோனார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1941-இல், இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது. துயரத்தை வேலையில் கரைத்தார் போலும்.

ஜெர்மனியில் ஹெலிகோலாண்டு தீவில் பறவைகளுக்கு வளையம் இடுவதை அவர் கற்றிருந்தார். 1957-இல் மைசூர் மாநிலக் காடுகளில் குரங்குகள் மடிந்து, மனிதருக்கும் காய்ச்சல் பரவியது. வலசைப் பறவைகள் சுமந்து வரும் உண்ணிகளால் இருக்குமோ என்று ஐயம் எழவே, உலக சுகாதார நிறுவனம் பறவை ஆய்வுக்கு உதவியது. பறவைகள்மீது விழுந்த பழி நிரூபணமாகவில்லை. ஆனால் வளையமிடும் வேலை நாடெங்கும் பரவியது.

கொடியக்கரைக்கும் வந்தது. அப்போது அது தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 1962-லேயே இவ்விடத்தின் அருமையைச் சுட்டிக்காட்டியவர் சலீம் அலி. வெளிமான்கள் துள்ளும் அந்தக் காடு 1967-இல் சரணாலயமாயிற்று. அங்கே பறவை பிடிப்பதில் கைதேர்ந்த பீகார்க்காரர்கள் மெல்லிய வலை கட்டினர். சிக்கிய உள்ளானை நோகாமல் எடுத்து, எடை போட்டு, இறக்கையை அளந்து, எண் பொறித்த அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டி விட்டுவிடுவார்கள். துப்பாக்கியால் தொடங்கியவர் கடைசியில் வந்து சேர்ந்தது இந்த வளையத்துக்கு.

பத்மபூஷண், பத்மவிபூஷண், மாநிலங்களவை உறுப்பினர் பதவி எல்லாம் தேடி வந்தன. 1987-இல் தமது 90-ஆம் வயதில் சலீம் அலி காலமானார். கோவைக்கு அருகே ஆனைகட்டியிலுள்ள பறவையியல் மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முன்பு வந்த அளவுக்கு உள்ளான்கள் இப்போது கொடியக்கரைக்கு வருவதில்லை என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். சதுப்புக்கு வரும் நன்னீர் குறைந்து உப்பு மிகுந்ததை ஒரு காரணமாகக் காட்டுகிறார்கள். ஆண்டுக்காண்டு பிடித்து எண்ணி வைத்த அந்தக் குறிப்பேடுகள் இல்லையென்றால் குறைந்தது என்றே யாருக்கும் தெரிந்திராது.

அங்கே இன்றும் வளையமிடுகிறார்கள். காலில் வளையத்தோடு ஒரு பறவை வயலிலோ கடற்கரையிலோ இறந்து கிடக்கக் கண்டால், வளையத்திலுள்ள எண்ணையும், இடத்தையும், தேதியையும் குறித்து மும்பையிலுள்ள அந்தக் கழகத்துக்கு எழுத வேண்டும். முகவரி வளையத்திலேயே இருக்கும்.