வனத்தீயும் பிராண்டிஸ் துரையும்

மாசி பிறந்ததும் மேற்கு மலைகளில் சருகு காயத் தொடங்குகிறது. குமாரபாளையத்தில் காவிரிக் கரையில் நிற்போர்க்கு எதிர்க்கரையில் பவானிக் கூடுதுறை தோன்றும். அங்கே காவிரியோடு கலக்கும் பவானி நதி, நீலகிரிச் சரிவுகளிலும் சத்தியமங்கலத்துக் காடுகளிலும் ஊறிய நீரைச் சுமந்து வருகிறது. ஆதலின் அக்காடுகளிற் பற்றும் தீ, தறியோசை ஓயாத இந்நகருக்குச் சம்பந்தமற்ற செய்தியன்று. சரிவிலுள்ள புல்லும் சருகும் வெந்து வெறுமண் எஞ்சுமாயின், கோடைமழையின் முதற்பெருக்கு அம்மண்ணையும் சாம்பலையும் வாரிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கும். நிலத்தில் தங்கி ஊற்றாக வேண்டிய நீர் ஒரே நாளில் ஓடிப்போகும்.

காட்டுத்தீயைத் தடுப்பது இராஜாங்கத்தின் நீங்காக் கடமை என்ற கொள்கையை இந்தியா முழுவதிலும் வேரூன்றச் செய்தவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர். இவருடைய சரித்திரத்தை அறிவது நமது மலைகளில் இன்று எரியும் தீயின் காரணத்தையும் ஓரளவு அறிவதாகும்.

பிராண்டிஸ் 1824-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ஆம் தேதி ரைன் நதிக் கரையிலுள்ள பான் நகரில் பிறந்தார். தந்தையார் தத்துவ சாஸ்திரப் பேராசிரியர். மகனோ தாவர சாஸ்திரத்தில் மனம் பற்றி, 1849 முதல் பான் சர்வகலாசாலையில் அதனைப் போதித்து வந்தார். செராம்பூர்ப் பாதிரியார் மார்ஷ்மனின் புதல்வியை இவர் மணந்தார். அவ்வம்மையாரின் சகோதரி ஹாவ்லக் என்னும் படைத்தலைவரின் மனைவி. இவ்வுறவின் வாயிலாக இவர் பெயர் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் செவிக்கு எட்டிற்று. 1852-இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய பெகு நாட்டின் தேக்கங்காடுகளுக்கு 1856-இல் பிராண்டிஸ் அதிகாரியாக நியமனம் பெற்றார்.

அக்காலத்தில் கப்பல் கட்டத் தேக்கு வேண்டும். இருப்புப்பாதைக்குக் கட்டை வேண்டும். மர வியாபாரிகளோ வெட்டுவதையன்றி வேறொன்றும் அறியாதவர்கள். காட்டில் எத்தனை மரம் நிற்கிறது என்பதே எவர்க்கும் தெரியாது. பிராண்டிஸ் யானைமேல் ஏறிக் காடுகளை ஊடறுத்துச் சென்றார். இடக்கையில் சில மூங்கிற் துண்டுகள். வலக்கையில் ஒரு பேனாக்கத்தி. சிறு மரம், நடுத்தர மரம், முதிர்ந்த மரம் என்று வகைக்கு ஒரு துண்டாக வைத்து, கண்ணிற்பட்ட ஒவ்வொரு தேக்குக்கும் ஒரு வெட்டுக்குறி இட்டுக்கொண்டே போனார். மழையில் காகிதம் நனையும். மூங்கில் நனைந்தாலும் கணக்கு அழியாது. இளமரங்கள் எத்தனை ஆண்டில் முதிரும் என்று கணித்து, அவ்வளவு மட்டுமே ஆண்டுதோறும் வெட்டலாம் என்று வரையறை செய்தார். முதலைத் தொடாது வட்டியை மட்டும் உண்ணும் குடும்பஸ்தனின் நெறி இது. வியாபாரிகள் சினந்தனர், அவர் அசையவில்லை.

அம்மலைகளில் வாழ்ந்த காரென் குடிகள் காட்டை வெட்டி எரித்துச் சாம்பலிலே நெல் விதைப்பவர்கள். அவர்கள் வழக்கத்தைக் காட்டின் பகையென்றே அதிகாரிகள் பலர் கருதினர். பிராண்டிஸ் அதிலொரு நன்மையைக் கண்டார். எரித்த நிலத்தில் நெல்லோடு தேக்கையும் நட்டுக் காக்கச் செய்து, குடிகள் அடுத்த இடத்துக்கு நகரும்போது அங்கே இளந்தேக்குத் தோப்பு எஞ்சி நிற்கும்படி ஏற்பாடு செய்தார். டாங்யா என்னும் அம்முறை பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் பரவிற்று. மலைக்குடிகளின் தீயில் அறிவு உண்டு என்பதை அவர் இவ்வொரு விஷயத்தில் ஒப்புக்கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது.

1864-இல் அவர் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரியானார். மத்திய மாகாணத்தின் போரிக் காட்டிலே பியர்சன் என்னும் அதிகாரி அக்காலத்தில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். காட்டைச் சுற்றிலும் அகன்ற பட்டைகளாகப் புல்லையும் புதரையும் அகற்றி, கோடை முழுவதும் காவலாட்களை நிறுத்தித் தீ உள்ளே நுழையாமற் காத்தார். ஆண்டுதோறும் எரிந்துகொண்டிருந்த காட்டில் இளங்கன்றுகள் தழைத்தன. பிராண்டிஸ் இதனைத் தேச முழுவதற்கும் முன்மாதிரியாகக் கொண்டார். தீத்தடுப்புக் கோடுகளும் கோடைக்காவலும் இன்றும் நமது வனங்களில் கைக்கொள்ளப்படும் முறைகள். தீயில்லாத காடே செழித்த காடு என்பது வனத்துறையின் வேதவாக்காயிற்று. 1878-இல் டேராடூனில் நிறுவப்பட்ட வனப் பாடசாலையில் பயின்று வந்தோர் இக்கொள்கையைத் தேசமெங்கும் பரப்பினர்.

கொள்கைக்குத் துணையாகச் சட்டமும் வந்தது. 1865-ஆம் ஆண்டுச் சட்டம் போதாதென்று 1878-இல் கடுமையான சட்டம் இயற்றப்பட்டது. காடு அனைத்தும் இராஜாங்கத்துக்கே உரியது, ஜனங்களின் வழக்கம் சலுகையேயன்றி உரிமையாகாது என்று பேடன்-பவல் என்னும் உத்தியோகஸ்தர் வாதித்தார். வழிவழி வந்த அனுபோகம் உரிமையே, கிராமங்களுக்கென்று தனிக்காடுகள் ஒதுக்கப்பட வேண்டும் என்று பிராண்டிஸ் வாதித்தார். சட்டத்தில் பெரும்பாலும் வென்றது முன்னவர் கட்சியே. சென்னை ராஜதானி அச்சட்டத்தை ஏற்காமல் விலகி நின்றது. ஜனங்களுக்கு உரிமையில்லாத காடு இங்கே அரிது என்பதே ரெவினியூ போர்டாரின் எண்ணம். பிராண்டிஸ் 1881-இல் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு சென்னை வனச்சட்டம் பிறந்தது. தமிழ்நாடு வனச்சட்டம் என்று பெயர் மாறி இன்றளவும் நடைமுறையிலுள்ளது அச்சட்டமே.

அதன்கீழ் ஒதுக்குக் காட்டில் தீயிடுவது குற்றமாயிற்று. மலைக்குடிகள் வீணே தீயிட்டவர்களல்லர். மாட்டுக்கு இளம்புல் வேண்டி இட்டனர். பாதை தெரியவும் பாம்பும் யானையும் பதுங்காதிருக்கவும் இட்டனர். அவ்வழக்கத்திலே பயனுள்ளது எது, கேடானது எது என்று ஆராய்ந்து பிரிக்கும் பொறுமை சட்டத்துக்கு இல்லை. கிராமத்துக்குத் தனிக்காடு வேண்டுமென்ற பிராண்டிஸின் ஆலோசனை ஏட்டில் தங்கியது. தீயைத் தடுக்கும் விதி மட்டும் காட்டுக்கு வந்தது. காட்டை நம்முடையதென்று எண்ணியவன் தீயை அணைக்க ஓடுவான். அயலாருடையதென்று எண்ணியவன் ஏன் ஓடுவான்? குமாவோன் மலைகளில் 1921-இல் வனக்கட்டுப்பாடுகளை வெறுத்த ஜனங்கள் காடுகளுக்குத் தாமே தீயிட்டது இக்கேள்விக்குச் சரித்திரம் அளித்த விடை.

பிராண்டிஸ் 1883-இல் ஓய்வு பெற்று ஜெர்மனிக்குத் திரும்பினார். அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரான பின்சாட் இளைஞராயிருந்தபோது இவரிடம் வந்து வழிகாட்டுதல் பெற்றார். அந்தத் துறையும் பின்னாளில் தீயை முற்றும் ஒழிப்பதையே விரதமாகக் கொண்டு, அதன் பலனாக மிகுந்த பெருந்தீக்களோடு இன்று போராடுகிறது.

இதற்கிடையே பர்மாவிலிருந்து வியப்பான செய்திகள் வந்தன. தீயிலிருந்து நெடுங்காலம் காக்கப்பட்ட ஈரக்காடுகளில் மூங்கிலும் அடர்புதரும் நிழல் பரப்பின. வெயிலை விரும்பும் தேக்கங்கன்றுகள் அந்நிழலில் முளைக்கவில்லை. தேக்கைக் காக்கத் தடுத்த தீயே தேக்குக்கு இடம் திறந்து வந்தது என்று வனத்துறையாருள்ளேயே சிலர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் துணிந்தனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்காடுகள் பலவற்றில் தீத்தடுப்பே கைவிடப்பட்டது. இந்திய மரங்களைப் பற்றிய தமது பெருநூலை 1906-இல் வெளியிட்ட பிராண்டிஸ், 1907-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்த ஊரிலேயே காலமானார்.

அவர் கண்டதும் காணத் தவறியதும் இன்று நமக்குத் தெளிவாகத் தெரிகின்றன. எல்லாக் காடும் ஒன்றல்ல. சோலைக்காட்டில் ஒருமுறை நுழையும் தீயும் பல தலைமுறைகளின் வளர்ச்சியை அழிக்கும். அங்கே பிராண்டிஸின் விதி முற்றும் சரியே. புல்லடர்ந்த வறண்ட இலையுதிர் காட்டின் இயல்பு வேறு. அங்கே ஆண்டுதோறும் கொடுந்தீ வந்தால் கன்று பிழைக்காது. தீயே வராமற் பல ஆண்டு தடுத்தால் சருகும் காய்ந்த மூங்கிலும் குவிந்து, ஒருநாள் அடக்கவியலாத பெருந்தீ எழும்.

சத்தியமங்கலத்தை அடுத்த பிலிகிரிரங்கன் மலையின் சோலிகர்கள் இதற்கொரு வழி கண்டிருந்தனர். கோடை முற்றுமுன், புல்லில் ஈரம் இருக்கும்போதே சருகுக்குத் தீயிடுவர். அத்தீ தாழ்ந்து ஊர்ந்து தானே அவியும். 1970-களில் அம்மலை சரணாலயமானபின் அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. அதன்பின்னரே உண்ணிச்செடி காட்டை மூடிற்று என்று அவர்களின் முதியோர் கூறுகின்றனர். இதனை ஆதரிக்கும் ஆராய்ச்சியாளர் உண்டு. உண்ணிச்செடிக்குத் தீயும் துணைபுரியும் என்று ஐயுறுவோரும் உண்டு. இந்த ஐயத்தைத் தீர்க்க வேண்டியது காட்டிலே செய்யும் சோதனை. தடையுத்தரவால் அது தீராது.

2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் தேதி தேனி ஜில்லாவின் குரங்கணி மலையில் தீ எழுந்து, மலையேறச் சென்றிருந்தவர்களுள் 23 பேரைப் பலிகொண்டது. நமது கொங்கு நாட்டிலிருந்து சென்றோரும் அவர்களுள் இருந்தனர். சரிவிலே கீழிருந்து மேலேறும் தீ, மேலுள்ள புல்லை முன்னரே உலர்த்திக்கொண்டு மனிதனின் ஓட்டத்தை முந்தும். மலையில் வளர்ந்த சிறுவனும் அறிந்த உண்மை இது. சமவெளியிலிருந்து சென்றோர்க்கு அதைச் சொல்வார் இல்லை.

இக்காலத்தில் டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறை, வானிற் சுற்றும் செயற்கைக்கோள் கண்ட தீயை வன அதிகாரிகளுக்கு உடனே அறிவிக்கிறது. மூங்கிற் துண்டில் கணக்கு வைத்தவரின் பரம்பரைக்கு இது பெரும் வளர்ச்சியே. ஆனால் செயற்கைக்கோள் தீயைக் காட்டுமேயன்றி அணைக்காது. அணைப்பவர் மலையடிவாரத்துக் குடிகளும், கோடைக்கு மட்டும் கூலிக்கு அமர்த்தப்படும் காவலர்களுமே. அக்காவலர்க்கு உரிய கூலியும் பாதுகாப்பும் அளித்தல் வேண்டும். எந்தச் சரிவில் எப்பொழுது சிறுதீ இடலாம், எங்கே பொறியும் விழலாகாது என்று முடிவு செய்யும் சபையில் மலைக்குடிகளை அமர்த்துதல் வேண்டும். பிராண்டிஸ் காரென் குடிகளிடம் ஒருமுறை கற்றார். அக்கல்வியை அவர் முடிக்கவில்லை. அதனை முடிக்கும் பொறுப்பு, அம்மலைகளின் நீரை உண்டு வாழும் நம்முடையது.