கர்னல் ஆல்காட்டின் சேரிப் பள்ளிகள்

சென்னை பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. கட்டணம் வாங்காத பள்ளி. சுற்றுவட்டாரக் குப்பத்துப் பிள்ளைகளும் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். 1894-ல் அடையாறு பகுதியில், தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சிறு பள்ளிதான் இதன் வேர். அதைத் தொடங்கியவர் ஓர் அமெரிக்கர். அயோத்திதாசப் பண்டிதரின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். அவர் நடத்திய பள்ளிகளின் கதை அந்த அளவுக்குத் தெரியாது.

ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1832 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், ஆரஞ்ச் என்ற ஊரில் பிறந்தார். தந்தையின் வியாபாரம் நொடித்துப்போனதால் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். ஒஹாயோவுக்குப் போய் ஏர் பிடித்தார். சோளப் பயிரைப் பற்றி நூல் எழுதினார். நியூயார்க்கில் ஒரு நாளிதழின் விவசாயப் பகுதிக்கு ஆசிரியரானார். அடிமைகளை விடுவிக்க ஆயுதம் எடுத்த ஜான் பிரவுன் 1859-ல் தூக்கிலிடப்பட்டபோது, அங்கே நேரில் நின்று செய்தி எழுதியவர் இவர். உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்குப் பொருள் விற்றவர்கள் செய்த மோசடிகளை விசாரிக்கும் வேலை இவரிடம் வந்தது. கர்னல் என்ற பட்டம் அந்த நாட்களில் கிடைத்ததுதான். 1865-ல் லிங்கன் கொலையை விசாரித்த குழுவிலும் இருந்தார். பின்பு வக்கீல் தொழில்.

1875-ல் பிளவாட்ஸ்கி அம்மையாருடன் சேர்ந்து நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கினார். 1879-ல் பம்பாய் வந்து இறங்கினார். மறு ஆண்டு இலங்கையில் பவுத்தம் தழுவினார். அங்கே ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டி பவுத்தப் பள்ளிகள் திறக்கத் துணை நின்றார். கொழும்பின் ஆனந்தா கல்லூரி அப்படி வந்ததுதான். பொதுமக்களிடம் சிறுகச் சிறுக வாங்கிப் பள்ளி நடத்தும் வித்தை அவருக்குக் கைவந்தது இலங்கையில். 1882 இறுதியில் சபையின் தலைமையகம் அடையாற்றுக்கு வந்தது.

அடையாறு, மயிலாப்பூர், தேனாம்பேட்டை, கோடம்பாக்கம் பக்கமெல்லாம் அன்று வெள்ளைக்காரர்களும் பெரிய வக்கீல்களும் குடியிருந்த தோட்ட பங்களாக்கள். பங்களாவில் சமைப்பவர், குதிரைக்குப் புல் போடுபவர், பிள்ளை வளர்க்கும் ஆயா, வண்டி ஓட்டுபவர், தோட்டம் பெருக்குபவர் எல்லாம் பக்கத்துச் சேரியிலிருந்து வருவார்கள். செங்கல்பட்டுச் சீமையில் பண்ணையாளாகக் கிடந்து, மிராசுதாரர் பிடியிலிருந்து தப்பிக் கூலி தேடி வந்த குடும்பங்கள் அவற்றில் ஏராளம். பட்டணம் வந்ததால் கையில் காசு கொஞ்சம் புழங்கியது, அவ்வளவுதான். தகப்பன் பட்லர் என்றால் மகன் பட்லர். தாய் ஆயா என்றால் மகள் ஆயா. துரை ஊருக்குக் கப்பலேறினால் குடும்பமே வேலை இல்லாமல் நிற்கும். பட்டணத்துப் பள்ளிகளில் சேர்க்கப் போனால் மற்ற சாதிப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மிஷன் பள்ளிகள்தான் கொஞ்சம் கதவு திறந்து வைத்திருந்தன.

காலமும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையும் அதன்பின் 1892-ல் வந்த பஞ்சமி நில ஆணையும் நம் வாசகர்களுக்குத் தெரிந்தவை. அதற்கு அடுத்த ஆண்டு, 1893-ல், பஞ்சமர் கல்விக்கென்று தனி ஆணை ஒன்றை அரசு பிறப்பித்தது. பஞ்சமர் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம், ஆசிரியர் பயிற்சிக்கு உதவித்தொகை என்று அதில் பல சலுகைகள். அதே ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் பறையன் என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். நிலமும் படிப்பும் வேண்டும் என்ற குரல் சேரிக்குள்ளிருந்தே உரக்க எழும்பிய நேரம் அது. ஆல்காட் ஏதோ உறங்கிக் கிடந்த சனங்களை எழுப்ப வந்தவர் என்று சிலர் எழுதுவது சரியல்ல. விழித்திருந்தவர்கள் நடுவில்தான் அவர் பள்ளி திறந்தார்.

முதல் பள்ளிக்கு வரவேற்பு இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று பள்ளிகள் பரவின. ஒன்றுக்கு பிளவாட்ஸ்கி பெயர். ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். தேனாம்பேட்டைப் பள்ளிக்கு தாமோதர் என்று பெயர் வைத்தார். சபைக்காகத் தன் சாதியைத் துறந்து வந்த மராட்டியப் பிராமண இளைஞர் அந்தத் தாமோதர். சேரிப் பள்ளிக்கு அப்படி ஒருவர் பெயரைத் தேர்ந்தெடுத்ததில் ஆல்காட்டின் மனசு தெரிகிறது.

பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது. அமெரிக்காவிலிருந்து வந்த பால்மர் அம்மையார் பள்ளிகளின் மேற்பார்வையை ஏற்றார். கோர்ட்ரைட் அம்மையார் குழந்தைகளுக்குப் பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லிக்கொடுக்கும் கிண்டர்கார்ட்டன் முறையைக் கொண்டுவந்தார். அன்றைய திண்ணைப் பள்ளிகளில் பிரம்பு பேசிய காலம் என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமல்ல. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு எழுத்து ஏறவில்லை என்பதை ஆசிரியர்கள் கண்டார்கள். அதனால் சாப்பாடு போடும் வழக்கமும் வந்தது. நீதிக்கட்சியின் தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது 1920-ல். சேரிப் பள்ளிகளில் சோறு அதற்கு முன்பே வந்துவிட்டது.

குடும்பத்துக்குப் பிள்ளையின் உழைப்புதான் வருமானம் என்ற நிலையில், ஒருவேளைச் சோறு என்பது பள்ளிக்கு அனுப்ப ஒரு காரணம். கல்வி இலவசம் என்று அறிவித்துவிட்டு, பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாடு மேய்த்தோ பங்களாவில் எடுபிடி வேலை செய்தோ பிள்ளை கொண்டுவரும் காசு நின்றால் அடுப்பு எரியாது என்பது அவர்கள் கணக்கில் வருவதே இல்லை.

ஆனால் பாடத்தில்தான் சிக்கல். ஆல்காட்டின் பள்ளிகள் ஆரம்பப் பள்ளிகள். தமிழ் எழுதப் படிக்க, கூட்டல் கழித்தல் கணக்கு, வீட்டு வேலைக்குப் போனால் துரையிடம் பேசும் அளவுக்கு ஆங்கிலம். அதற்குமேல் இந்தப் பிள்ளைகளைக் கொண்டுபோக அவர் திட்டமிடவில்லை. கடைக்காரனும் வட்டிக்காரனும் ஏமாற்றாதபடி கணக்குத் தெரிந்தால் போதும், நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தால் போதும் என்பது அவர் எண்ணம். அன்றைய நிலைமையில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. கைநாட்டு வைத்த பத்திரத்தால் தலைமுறைக்கும் அடிமையான குடும்பங்களைப் பார்த்தவர் அவர். ஆனாலும் பட்லரின் மகனைக் கொஞ்சம் மேலான பட்லராக்கும் கல்வி அது. ஆனந்தா கல்லூரியைப் போல ஒன்று கோடம்பாக்கம் சேரியில் வரவில்லை. இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்தால் அது பாதி உண்மைதான். அவருக்குப் பின் சபைத் தலைவரான அன்னி பெசன்ட்டோ, சேரிப் பிள்ளைகளை மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்கக் கூடாது என்று சுத்தத்தைக் காரணம் காட்டி 1909-ல் எழுதினார். அம்பேத்கர் 1945-ல் வெளியிட்ட நூலில் அந்தக் கட்டுரையை எடுத்துப் போட்டுத் தோலுரித்தார்.

சேரி மக்கள் ஆல்காட்டிடம் அவர் கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டு நிற்கவில்லை. 1898-ல் அயோத்திதாசரும் பள்ளி ஆசிரியர் கிருஷ்ணசாமியும் அவரைச் சந்தித்தார்கள். தங்கள் முன்னோர் பவுத்தர்கள், அந்த வழிக்குத் திரும்ப உதவ வேண்டும் என்பது கோரிக்கை. ஆல்காட் மறுக்கவில்லை. இலங்கைக்கு அழைத்துப்போய் சுமங்கல தேரர் முன்னால் நிறுத்தினார். அங்கே பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய பண்டிதர், ராயப்பேட்டையில் சாக்கிய பவுத்த சங்கத்தைத் தொடங்கினார். படிப்பை வேலைக்கான கருவியாக ஆல்காட் பார்த்தார். பண்டிதரோ சொந்த வரலாற்றைத் திருப்பி எடுக்கும் கருவியாக்கினார். மேல்படிப்பு விஷயத்திலும் அப்படித்தான். பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா வெஸ்லி மிஷன் பள்ளியில் படித்து, கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போய், ஆசிரியராகி, 1920-ல் சென்னை சட்டசபைக்குள் நுழைந்தார். சேரிப் பிள்ளைக்கு ஆரம்பக் கல்வி போதும் என்ற கணக்கு அவர் ஒருவராலேயே பொய்த்தது.

ஆல்காட் கடைசிவரை அடையாற்றில்தான் இருந்தார். பள்ளிகளுக்காக உலகெங்கும் இருந்த சபை அன்பர்களிடம் கையேந்தியபடியே இருந்தார். 1902-ல் இந்த மக்களின் நிலை பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலும் வெளியிட்டார். 1907 பிப்ரவரி 17 அன்று அடையாற்றில் காலமானார். நான்கு மாதம் கழித்து, ஜூன் 19 அன்று, ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசரின் ஒரு பைசாத் தமிழன் முதல் இதழ் வெளிவந்தது.